துணி பிடித்தவள்

கற்பகம் மேடத்தின் அப்பா மனிதர்களைப் படம் எடுக்கவே இல்லை. இதைச் சொன்னால் மேடத்துக்குக் கோபம் வரும். ஆனால் ஆயிரக்கணக்கில் அவர் எடுத்த பிலிம்களைத் துடைத்தவள் நான். எனக்குத் தெரியாதா?

பேராசிரியர் கல்யாணராமன் ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கடற்கரைக் குப்பங்களுக்குப் போய் வந்திருக்கிறார். போய் எதை எடுத்தார்? துடுப்பு. கட்டுமரம். நெல் அளக்கும் மரக்கால். உரல். தொட்டில் தொங்கவிடும் கட்டை. அடையாறு கடலில் கலக்கிற இடத்தில் முதல் குடிசைகள் எழும்பியபோது அங்கேயும் போயிருக்கிறார். கரை ஒதுங்கிய மரத்தில் செய்த கதவு நிலையை எடுத்திருக்கிறார், கூரையைத் தாங்கிய நடுக்காலை எடுத்திருக்கிறார், வாசற்படியாகப் போட்ட உடைந்த படகுப் பலகையை நான்கு கோணத்தில் எடுத்திருக்கிறார். அந்தப் படியில் ஏறி இறங்கியவர்கள் எங்கே என்று தேடினால் ஒருத்தரையும் காணோம். ஊரே காலி செய்துகொண்டு தட்டுமுட்டுச் சாமான்களை மட்டும் விட்டுப் போன மாதிரி இருக்கும்.

நான் ஜஹீதா. பழைய பிலிம்களைச் சுத்தம் செய்து ஸ்கேன் எடுப்பது என் பிழைப்பு. வாய் கொஞ்சம் நீளம் என்று என்னைப் பெற்ற அம்மியே சொல்வார், அது வேறு விஷயம். மந்தைவெளியில் கற்பகம் மேடம் வீட்டு முன்னறையில்தான் ஆறு மாதமாக வேலை. மேடம் பாங்க்கில் பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காலமான அப்பாவின் படங்களை வைத்து மயிலாப்பூரில் ஒரு கண்காட்சி நடத்திவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை.

எல்லாப் படமும் ஒரே அச்சு. நடுவில் மரச்சாமான், பின்னால் ஒரு வெள்ளைத் துணி. கடலோ மணலோ கண்ணில் பட்டு மரத்தை மறைத்துவிடக் கூடாதாம். படத்தைக் கழுவியதும் துணியின் ஓரங்களுக்கு வெளியே பிலிமில் என்ன விழுந்திருந்தாலும் அதன் மேல் பேராசிரியர் கறுப்புத் தாளைப் பட்டை பட்டையாக வெட்டி ஒட்டிவிடுவார். மேடம் எனக்குப் போட்ட முதல் சட்டமும் அதைப் பற்றித்தான். "அப்பா ஒட்டினதை நீ பிரிக்கப்படாது." நானும் சரி என்று இருந்துவிட்டேன். யாருக்கு என்ன நஷ்டம்?

வாரத்தில் இரண்டு நாள் வேலை முடிந்து போகும்போது ரயில் நிலையத்துப் பக்கம் பாஞ்சாலியக்காவிடம் மீன் வாங்குவேன். ஐம்பதைத் தாண்டியவர். பெரும்பாக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு கொடுத்து அரசாங்கம் அவர் குடும்பத்தை அனுப்பி வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் வியாபாரத்துக்கு மந்தைவெளிதான் என்று விடியற்காலையில் பஸ் பிடித்து வந்துவிடுவார். அன்றைக்கு எனக்கு வஞ்சிரம் நறுக்கிக்கொண்டே கேட்டார்.

"இன்னா ஜஹீதாம்மா, கண்ணு ரெண்டும் செவந்து கீது? வூட்ல சண்டையா?"

"சண்டை போட ஆள் இருந்தாத்தானேக்கா. நாள் பூரா பழைய போட்டோவா பாத்துட்டிருக்கேன். அடையாறு ஆத்துமுகத்துல ஒரு குப்பம் இருந்துச்சாமே, அங்க ஒரு வாத்தியார் எடுத்த போட்டோ."

பாஞ்சாலியக்காவின் கத்தி பாதி மீனில் நின்றது.

"வெள்ளத் துணி கட்டிக்கினு எடுப்பாரே, அந்த வாத்தியாரா?"

நான் துணியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

"அந்தத் துணிய எங்கம்மாதாம்மா புடிச்சிக்கினு நிக்கும். பச்சையம்மான்னு பேரு. நைனா சாவற வரைக்கும் இதையே சொல்லிக்கினு இருந்தாரு. நான் கைக்கொழந்த. என்னிய இடுப்புல வச்சிக்கினே புடிக்குமாம். எனக்கு ரெண்டு வயசு ஆவச்சொல்லவே அம்மா காய்ச்சல்ல பூட்டாங்க." கையைத் துடைத்துக்கொண்டார். "ஒரு போட்டோ இல்லம்மா. ஸ்டூடியோவுக்குப் போவலாம் போவலாம்னு நைனா சொல்லிக்கினே இருந்தாராம். எங்க போனாங்க? அந்த வாத்தியாரு போட்டோல எங்கம்மா கீதான்னு பாத்துச் சொல்லு."

பின்னால் மீன் வாங்க நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அக்கா அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஞாயித்துக்கெழம எம் பொண்ணு ஷண்முகப்ரியாவுக்குக் கல்யாணம். அதுக்கு முந்தின நாளு பூவாடக்காரிக்குப் படைக்கணும். உனக்குத் தெரியாது, நீ பாய் வூட்டுப் பொண்ணு. தாலியோட செத்துப் போன பொம்பளதான் எங்க வூட்டுக்கு சாமி. அவளுக்குப் பொடவ, பூவு, வளையலு எல்லாம் வச்சிக் கும்புட்டாத்தான் கல்யாணமே. எல்லாத்தையும் வச்சிருவேன். கண்ண மூடிக்கினு கும்புடறப்ப எந்த மூஞ்சிய நெனச்சிக்கறது? என் கல்யாணத்துலயே பேந்தப் பேந்த முழிச்சிக்கினு நின்னேன். எம் பொண்ணுக்காச்சும் அந்த மூஞ்சியக் காட்டணும்மா."

"அக்கா, அவர் எடுத்ததெல்லாம் மரச்சாமான்தான். ஆளுங்களே கிடையாது," என்றேன்.

"அப்ப துணி தானா நின்னுச்சா?"

மீனை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அம்மி குழம்பில் உப்பு கம்மி என்றார். எனக்கு எதுவும் ருசிக்கவில்லை.

மறுநாள் காலை காபி டம்ளரை மேடம் கீழே வைக்கும்வரை காத்திருந்து விஷயத்தைச் சொன்னேன். ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு அக்கா, அவருடைய அம்மா, கறுப்புத் தாளைப் பிரித்தால் ஒருவேளை... நான் முடிப்பதற்குள் மேடம் தலையை ஆட்டிவிட்டார்.

"அதெல்லாம் வேண்டாம். ஒரு படத்துக்கு எது வேணும், எது வேண்டாம்னு அப்பாவுக்குத் தெரியாதா? அவர் ஒட்டினது ஒட்டினபடியே இருக்கட்டும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "துணி தானா நின்னுச்சா மேடம்?"

வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். மேடம் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

"இல்லை," என்றார். "ஒரு பக்கம் நான் பிடிச்சுண்டேன்."

நான் வாயை மூடிக்கொண்டேன். அது எனக்கு அடிக்கடி நடப்பதில்லை.

"எட்டு வயசு எனக்கு. அம்மா அப்போதான் தவறிப்போயிருந்தா. ஆத்துல என்னைப் பார்த்துக்க ஆள் இல்லைன்னு அப்பா கூட்டிண்டு போவார். எனக்குக் கை எட்டாது. ஒரு கூடையைக் கவுத்துப் போட்டு மேலே ஏத்தி விடுவா. கையை ஒசத்திப் பிடிச்சுண்டு நிப்பேன், தோள் கடுக்கும். படம் கழுவி வந்ததும் ஓடிப்போய்ப் பார்ப்பேன், என் விரலாவது தெரியறதான்னு. ஒவ்வொரு தடவையும் அந்த எடத்துல கறுப்புத் தாள் ஒட்டியிருக்கும். 'இது மரத்தோட படம் கற்பகம், உன்னோடது இல்லை'ன்னுட்டார். அதுக்கப்புறம் நான் பார்க்கறதையே விட்டுட்டேன்."

எனக்கு மனசு கலங்கிப்போனது. அறுபதைத் தாண்டிய ஒரு அம்மாளின் முகத்தில் அந்த எட்டு வயசு அப்படியே உட்கார்ந்திருந்தது.

"இன்னொரு பக்கம் யார் பிடிச்சாங்க மேடம்?"

"அந்தக் குப்பத்துப் பொம்மனாட்டிதான். பச்சையம்மா." சொல்லிவிட்டு நிமிர்ந்தார். "இடுப்புல ஒண்ணு எப்பவும் ஒட்டிண்டே இருக்கும். மூக்கு ஒழுகிண்டு, என் ரிப்பனைப் பிடிச்சு இழுத்துண்டு. நீ சொல்ற அக்கா பேர் என்ன?"

"பாஞ்சாலி."

"அதேதான்," என்றார் மேடம். "இன்னிக்கே வரச் சொல்லு."

மத்தியானம் கடையை மூடிவிட்டு பாஞ்சாலியக்கா வந்தார். எங்கேயோ குளித்து, வேறு புடவை மாற்றி, தலை நிறைய மல்லி வைத்திருந்தார். உள்ளே வராமல் நிலைப்படிக்கு வெளியிலேயே ஒரு கால் மேல் மறு காலை வைத்துக்கொண்டு நின்றார். மேடம் கையைப் பிடித்து அழைத்து வந்து அப்பாவின் நாற்காலியில் உட்கார வைத்தார். நான் இத்தனை மாதத்தில் அந்த நாற்காலியில் என் கைப்பையைக்கூட வைத்ததில்லை.

முகத்துவாரத்துக் குப்பத்தின் பிலிம்களை எடுத்தேன். அடியிலிருந்து வெளிச்சம் வரும் விளக்குப் பெட்டியின் மேல் ஒன்றை வைத்து, ஈரப் பஞ்சால் தாளை ஒற்றி ஒற்றி ஊறவிட்டு, மெல்லிய தகட்டால் நெம்பினேன். பழைய பசை கெட்டியாகப் பிடித்திருந்தது. அவசரப்பட்டால் படமும் சேர்ந்து உரிந்துவிடும். மேடம் என் தோளுக்குப் பின்னால் மூச்சு விடாமல் நின்றார்.

வலது ஓரத் தாள் முதலில் வந்தது. ஸ்கேன் செய்து திரையில் பெரிதாக்கினேன். துணியின் மேல் விளிம்பில் நாலு குட்டி விரல்கள். கீழே, கவிழ்த்த கூடையின் மேல், எம்பி நிற்கிற இரண்டு பாதங்கள்.

"என் கால்," என்றார் மேடம். அவ்வளவுதான் சொன்னார். பாஞ்சாலியக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு இடது ஓரம். துணியின் மேல் பெரிய விரல்கள், உழைத்துக் காய்ப்பேறியவை. கீழே மணலில் இரண்டு பாதங்கள், மெட்டி போட்டவை. ஒரு கால் மேல் மறு கால்.

பாஞ்சாலியக்கா திரையைப் பார்த்தார். குனிந்து தன் காலைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்திருந்தும் அவர் கால்கள் அப்படியேதான் இருந்தன.

"எங்கம்மா," என்றார். "எங்கம்மா காலும்மா இது."

அப்புறம் அவர் திரையைத் தொட்டு, துணியின் நடுவில் விரலை வைத்தார். "மூஞ்சி எங்க?"

முகம் துணிக்குப் பின்னால் இருந்தது. அடுத்த பிலிமைப் பிரித்தேன். அடுத்ததையும் பிரித்தேன். துடுப்புக்குப் பின்னால் விரலும் காலும். உரலுக்குப் பின்னால் விரலும் காலும். கதவு நிலைக்குப் பின்னாலும் அதேதான். துணியை நன்றாக உயர்த்திப் பிடித்து, தன்னை முழுசாக மறைத்துக்கொண்டு, சொன்ன வேலையைக் கச்சிதமாகச் செய்திருந்தார் அந்தப் பச்சையம்மா. எனக்கு அந்தப் பேராசிரியரைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்க வேண்டும் போல இருந்தது. ஒரே ஒரு தடவை துணியை இறக்கச் சொல்லியிருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்?

கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்ததும்தான் அந்த உறை ஞாபகம் வந்தது. பெட்டியின் அடியில் தனியாக ஒரு உறை இருந்தது, கலங்கிப்போன பிலிம்கள். கண்காட்சிக்கு உதவாது என்று நான்தான் ஒதுக்கி வைத்திருந்தேன். அவற்றில் எதிலும் கறுப்புத் தாள் இல்லை.

ஒவ்வொன்றாகத் திரையில் போட்டேன். எல்லாவற்றிலும் மரச்சாமான் தெளிவாக இருந்தது, துணி மட்டும் ஆடிக் குலைந்திருந்தது. ஒன்றில் துணி இடது பக்கம் சரிந்து, எண்ணெய் வைத்து வாரிய தலையும் வகிடும் நெற்றியும் மங்கலாகத் தெரிந்தன. அதற்குக் கீழே வெறும் கலங்கல். என்னென்னவோ செய்து பார்த்தேன், கண் வரவில்லை, மூக்கு வரவில்லை.

"இப்பல்லாம் போன்ல கேட்டா இல்லாத முகத்தையும் வரைஞ்சு குடுக்கும்க்கா," என்றேன், ஆற்றாமையில். "ஆனா அது யாரோ ஒருத்தி முகமாத்தான் இருக்கும்."

"யாரோ ஒருத்தி மூஞ்சிய நான் இன்னாத்துக்குக் கும்புடணும்?" அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உடும்மா. காலப் பாத்தாச்சு. கால் கெடைச்சதே பெரிசு. நைனா பொய் சொல்லலன்னு தெரிஞ்சிது, போதும்."

போதாது என்று அந்தக் குரலே சொன்னது.

அப்போது மேடம் சிரித்தார். முதலில் அழுகிறார் என்றுதான் நினைத்தேன். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, விட்டு விட்டுச் சிரித்தார்.

"இந்தப் படமெல்லாம் எதனால கெட்டுதுன்னு எனக்குத் தெரியும்," என்றார். "எல்லாம் உங்கம்மா வேலை."

"எங்கம்மாவா?"

"அப்பாவோட கேமராவுக்கு ஆடாம அசையாம நிக்கணும். 'அசையாதே, அசையாதே'ன்னுண்டே இருப்பார். அவருக்கு எங்களைத் தெரியாது, துணிதான் தெரியும். துணிக்குப் பின்னாடி நாங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துண்டு நிப்போம். அம்மா போனதுலேருந்து நான் யாரோடயும் பேசறதே இல்லை, சிரிக்கறதும் இல்லை. அவ என்னைச் சிரிக்க வைக்காம விடமாட்டா. சரியா அப்பா 'அசையாதே'ன்னு சொல்றச்சே மூஞ்சியை ஒரு மாதிரி வச்சுப்பா. நான் களுக்குன்னு சிரிச்சுடுவேன், துணி ஆடிடும். 'கற்பகம்!'னு அப்பா கத்துவார். அவ ஒண்ணுமே தெரியாதவ மாதிரி நின்னுண்டிருப்பா."

பாஞ்சாலியக்கா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "எப்டி வச்சிக்கும்? மூஞ்சிய எப்டி வச்சிக்கும் மாமி?"

மேடம் என்னைப் பார்த்தார். பாங்க்கில் நூறு பேரை நிற்க வைத்துக் கேள்வி கேட்டவர். என் முன்னால் இதுவரை கொட்டாவிகூட விட்டதில்லை. மெல்லக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். வலது கன்னத்தை மட்டும் உப்பினார். மூக்கை மேலே சுருக்கினார். ஒரு கண்ணை இறுக்க மூடி, மறு கண்ணை உருட்டி, நாக்கை இடது கடைவாயில் துருத்திக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

நான் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றேன். பாஞ்சாலியக்கா சிரிக்கவில்லை. எழுந்து நின்றுவிட்டார். இரண்டு கையும் கன்னத்துக்குப் போயின.

"ஐயோ," என்றார். "ஐயோ, இது நான் செய்யறதாச்சே! ப்ரியா சின்னப் புள்ளயா இருக்கச்சொல்ல சோறு துன்னாம அடம் புடிச்சா இதத்தான் செய்வேன். எனக்கு யாரும் சொல்லித் தரலயே மாமி! நானாத்தான் செய்யறேன்னு நெனச்சிக்கினு இருந்தேன்!"

"நீயா எங்கே செஞ்சே?" மேடத்தின் குரல் உடைந்தது. "நீயும் துணிக்குப் பின்னாடிதானேடி இருந்தே. இடுப்புல ஒக்காந்துண்டு அவ மூஞ்சியையே பார்த்துண்டிருப்பே. என்னை விட ஜாஸ்தி சிரிச்சது நீதான்."

பாஞ்சாலியக்கா செய்து காட்டினார். வலது கன்னம், சுருங்கிய மூக்கு, உருட்டிய ஒற்றைக் கண், இடது கடைவாயில் நாக்கு. எல்லாம் அச்சு அசலாக அதேதான். மேடம் களுக்கென்று சிரித்தார். அது அறுபது வயதுச் சிரிப்பு இல்லை. விளக்குப் பெட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று இரண்டு பேரும் மாற்றி மாற்றி முகத்தைக் கோணிக்கொண்டார்கள், கண்ணில் இருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. நானும் அழுதேன். யாரும் கவனிக்கவில்லை.

அக்கா போனபிறகு மேடம் அந்தக் கலங்கிய பிலிம்களை உறையில் திரும்பப் போடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"பிலிம் அப்போ கெடைக்கறதே கஷ்டம். அப்பா ஒரு குண்டூசியை வீணாக்க மாட்டார். கெட்டுப்போனதைத் தூக்கிப் போடாம ஏன் வச்சிண்டார்?"

"அதுல நீங்க சிரிச்சீங்க மேடம்," என்றேன்.

கண்காட்சியில் எல்லாப் படத்தையும் தாளைப் பிரித்துத்தான் மாட்ட வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சனிக்கிழமை பெரும்பாக்கத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார் மேடம். ஆற்றங்கரையில் எடுக்க வேண்டிய கரகத்தை அடுக்குமாடிக் குழாயடியில் தண்ணீர் பிடித்து, பூச்சுற்றி, பம்பை அடித்துக்கொண்டு மாடிப்படி ஏற்றினார்கள். சின்னக் கூடம். சுவரோரமாக மணையில் அரக்கு நிறப் புடவை, வளையல், மஞ்சள், மல்லிப்பூ. அதன் பக்கத்தில் நான் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொடுத்த படம். அதில் ஒரு மர உரல், ஒரு வெள்ளைத் துணி, ஒரு பக்கம் குட்டி விரல்கள், மறு பக்கம் காய்ப்பேறிய விரல்கள், ஒரு கால் மேல் மறு கால்.

கற்பூரம் ஏற்றினார்கள். ஷண்முகப்ரியா படத்தையும் புடவையையும் மாறி மாறிப் பார்த்தாள். "கண்ண மூடிக்கினு ஆயாவ நல்லா நெனச்சிக்கோ," என்றார் யாரோ ஒரு அத்தை.

"எந்த மூஞ்சியம்மா நெனைக்கறது?" என்று அவள் பாஞ்சாலியக்காவைக் கேட்டாள்.

பாஞ்சாலியக்கா கையில் தட்டுடன் பெண்ணுக்கு நேராகத் திரும்பினார். வலது கன்னத்தை உப்பி, மூக்கைச் சுருக்கி, ஒற்றைக் கண்ணை உருட்டினார்.

"சோறூட்டற மூஞ்சி!" என்று ஷண்முகப்ரியா பட்டுப்புடவையோடு வெடித்துச் சிரித்தாள்.

"சாமி முன்னாடி இன்னாடி சிரிப்பு?" என்று அத்தை அதட்டினார்.

"சிரிக்கட்டும் விடுங்கோ," என்றார் கற்பகம் மேடம். "அவளுக்குச் சிரிச்சாத்தான் பிடிக்கும்."

எல்லோரையும் சேர்த்து ஒரு போட்டோ எடுக்கச் சொன்னார் அக்கா. நான் போனைத் தூக்கிப் பிடித்து, "அசையாதீங்க," என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. மேடமும் அக்காவும் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான், தட்டு ஆடியது, புடவைகள் ஆடின, என் கையும் ஆடியது. படத்தில் ஒரு முகம்கூடத் தெளிவாக இல்லை. எல்லாம் கலங்கிப்போயிருக்கிறது. அழிக்காமல் வைத்திருக்கிறேன்.